சின்ன வீல், நல்ல ரப்பர்: கனடாவில் சிறிய காருக்கு வின்டர் டயர்

டொரன்டோவில் முதல் ஸ்னோ விழுகிற நாளில் டயர் கடைகளின் தொலைபேசி ஓய்வதில்லை. அழைப்பவர்கள் கேட்பது இரண்டுதான்: இன்றைக்கே மாட்ட முடியுமா, நாலுக்கும் சேர்த்து எவ்வளவு? என்ன அளவு என்ற கேள்வியைக் கடைக்காரர்தான் கேட்கிறார். காரில் இப்போது இருக்கும் டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லிவிட்டுப் பலரும் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். அதே அளவில் வாங்குவது தவறில்லை. ஆனால் கொரோலா, சிவிக், யாரிஸ், ஃபிட் போன்ற சிறிய கார்களில், குளிர்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான, விலையும் குறைவான அளவு ஒன்று பல நேரங்களில் இருக்கிறது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த அளவைப் பற்றியது.

அதற்கு முன் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம். ஸ்னோவைப் பார்த்த பிறகுதான் வின்டர் டயர் என்ற எண்ணம் ஸ்கார்பரோ, மார்க்கம் தமிழ்க் குடும்பங்களிலும் பரவலாக உண்டு. உண்மையில் கணக்கு ஸ்னோவில் தொடங்குவதில்லை, வெப்பநிலையில் தொடங்குகிறது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது என்று கனடாவின் போக்குவரத்துத் துறை எச்சரிக்கிறது. இறுகிய ரப்பர், காய்ந்துபோன அழிரப்பர் தாளில் வழுக்குவதைப் போலச் சாலையில் வழுக்கும். சாலை காய்ந்திருந்தாலும் இதுதான் நிலை. டொரன்டோவில் நவம்பர் காலைகள் பெரும்பாலும் 7 டிகிரிக்குக் கீழேதான் விடிகின்றன. வின்டர் டயரின் ரப்பரில் சிலிக்காவும் வேறு சேர்மானங்களும் கலந்திருப்பதால் கடுங்குளிரிலும் அது இளக்கமாகவே இருக்கிறது. மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள் இருக்கும். டயர் உருளும்போது அவை விரிந்து ஸ்னோவைக் கவ்வும். அகலமான பள்ளங்களுக்குள் ஸ்னோ அடைத்துக்கொள்வதும் நல்லதுக்கே. ஸ்னோ ரப்பரைப் பிடிப்பதைவிட ஸ்னோவையே நன்றாகப் பிடிக்கும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் தாயகம் ஃபின்லாந்து. நோக்கியா நகரத்து ரப்பர் நிறுவனம் 1934இல் லாரிகளுக்கென முதல் குளிர்கால டயரைச் செய்தது. 1936இல் கார்களுக்கான ஹக்கபெலித்தா வந்தது. பின்னாளில் கைபேசிக்குப் புகழ்பெற்ற அதே நோக்கியாவின் ரப்பர் கிளைதான் இது. இன்று நோக்கியன் டயர்ஸ் என்று தனி நிறுவனமாக இயங்குகிறது. அடுத்த பெரிய பாய்ச்சல் ஜப்பானில் நடந்தது. ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி வட ஜப்பானிய நகரங்களைத் திணறடித்தது. 1990இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. அந்த நெருக்கடியின் நடுவே, 1988இல், ஆணியே இல்லாமல் ஐஸைப் பிடிக்கும் பிளிஸாக் டயரை பிரிஜ்ஸ்டோன் கொண்டுவந்தது. இன்று தெற்கு ஒன்டாரியோவில் விற்பவை பெரும்பாலும் இந்த ஆணியில்லாத வழிவந்தவை. ஆணி டயரை ஒன்டாரியோ வடபகுதி வாசிகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறது.

பக்கச் சுவரில் தேட வேண்டிய படம்

டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட ஒரு மலை, அதற்குள் ஒரு ஸ்னோ பூ. இந்தப் படம் இருந்தால், இறுகிய ஸ்னோவில் இழுவைச் சோதனைக்கு உட்பட்டு, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாகப் பிடித்த டயர் என்று பொருள். எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அப்படி எந்தச் சோதனையும் நடந்ததாகக் கொள்ள முடியாது. பள்ளங்களின் அமைப்பை வைத்தே அந்த எழுத்துகள் பொறிக்கப்படுகின்றன. ஆல் சீசன் டயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

மலைப் படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஸ்னோவில் இழுவையைச் சொல்கிறது, ஐஸில் எப்படி நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பாவில் 2021 மே முதல் விற்பனை லேபிளில் ஐஸ் பிடிப்புக்குத் தனிப் படம் வந்திருக்கிறது. கனடாவில் வாங்குபவர் டயர் சோதனை முடிவுகளைத் தேடிப் படித்துக்கொள்வதே வழி. ஐஸ் மிக மோசமாக வழுக்குவது மைனஸ் இருபதில் அல்ல, பூஜ்யத்தை ஒட்டிய நாள்களில். அப்போதுதான் ஐஸின் மேல் நீர்ப்படலம் நிற்கும். ஏரிக்கரை நகரமான டொரன்டோவில் குளிர்காலம் பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக அடிக்கடி ஊசலாடும். ஆகவே இங்கே வாங்குகிறவர்கள் ஐஸில் டயர் எப்படி நிற்கிறது என்ற முடிவையே முதலில் பார்ப்பது நல்லது.

ஆல் வெதர் என்ற இடைப்பட்ட வகையும் இருக்கிறது. நோக்கியன் டபிள்யூஆர் வரிசை, மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 ஆகியவை மலைப் படம் பெற்றவை. ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். நகரத்துக்குள் குறைவாக ஓட்டுகிறவர்கள், டயர் வைக்க இடமில்லாத அபார்ட்மென்ட்வாசிகள், ஸ்னோ கொட்டும் நாளில் காரை எடுக்காமலே இருக்கக்கூடியவர்கள் இவற்றை யோசிக்கலாம். அதிகாலை வேலைக்கு எந்த வானிலையிலும் கிளம்பியே ஆக வேண்டியவர்களுக்கு இது போதாது. ஐஸில் உண்மையான வின்டர் டயரின் பிடிப்பு இதற்குக் கிடையாது.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். 2008இல் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடக்கத் தேதி டிசம்பர் 15. அது 2019இல் முன்னுக்கு நகர்ந்தது. டொரன்டோவிலிருந்து மான்ட்ரியாலுக்குக் கல்யாணத்துக்குப் போகிறவரின் ஒன்டாரியோ காரை இது கட்டுப்படுத்தாது. குடிபெயர்ந்து காரை அங்கே பதிந்தால் கட்டுப்படுத்தும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் எம்+எஸ் அல்லது மலைப் படம், குறைந்தது 3.5 மில்லிமீட்டர் பள்ள ஆழத்துடன் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும். கேட்காமல் விட்டால் அது பலருக்கும் கிடைப்பதில்லை. டயர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்துச் சொல்லுங்கள்.

ஒரு கொரோலா, மூன்று அளவுகள்

அளவுக்கு வருவோம். 2014 முதல் 2019 வரை வட அமெரிக்காவில் விற்ற கொரோலா செடான் நல்ல பாடம். ஒரே கார், வகையைப் பொறுத்து மூன்று விதமான டயர்களோடு வந்தது: 195/65ஆர்15, 205/55ஆர்16, 215/45ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் வீலின் விட்டம், அங்குலத்தில்.

இந்த மூன்றையும் கணக்குப் போட்டால் சூட்சுமம் தெரியும். 195இல் 65 விழுக்காடு 126.75. மேலும் கீழுமாக இரண்டு சுவர், ஆக 253.5. பதினைந்து அங்குல வீல் 381 மில்லிமீட்டர். கூட்டினால் 634.5. இதேபோல் பதினாறு அங்குல டயரின் மொத்த உயரம் 631.9, பதினேழுடையது 625.3. வீல் இரண்டு அங்குலம் வளர்ந்தாலும் டயரின் வெளிவிட்டம் ஒன்றரை விழுக்காட்டுக்குள்தான் மாறுகிறது. வீல் பெரிதானால் ரப்பர் சுவர் குள்ளமாகிறது, டயர் அகலமாகிறது. அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் நம்பியிருப்பது அந்த வெளிவிட்டத்தை. அது அசலிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் வரம்பு.

இதில் குளிர்காலத்துக்கு எது? காரின் பிரேக் இடம்கொடுத்தால், தயங்காமல் 195/65ஆர்15.

முதல் காரணம் அகலம். ஆழமான ஸ்னோவில் டயர் உருளும்போது, தனக்கு முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டும் அமுக்கிக்கொண்டும்தான் போக வேண்டும். 215 அகலத்தைவிட 195 அகலம் குறைவாகத் தள்ளுகிறது. உப்பு போட்டுப் பாதி கரைந்த சேற்று ஸ்னோவில், குறுகிய டயர் அதைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள தாரைத் தொடுகிறது. அகலமானது அதன் மேல் மிதக்கப் பார்க்கிறது. பேரிக்குப் போகும் 400 நெடுஞ்சாலையில் ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் ஸ்னோவில் பாதை மாறும்போது, தடங்களுக்கு இடையே குவிந்திருக்கும் சேற்று ஸ்னோ காரை இழுப்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். அந்த இடத்தில்தான் இந்த இரண்டு சென்டிமீட்டர் உதவுகிறது.

இரண்டாவது, உயரமான பக்கச் சுவர். உறைந்தும் உருகியும் மார்ச்சில் சாலையெங்கும் குழிகள் பிளக்கும். 45 விழுக்காட்டுச் சுவரில் குழியின் விளிம்புக்கும் வீலின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் குறைவு. அடி வீலுக்கே போய் அது வளையும், அல்லது சுவர் புடைக்கும். 65 விழுக்காட்டுச் சுவர் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, விலை. அதே நிறுவனத்தின் அதே டயர், பதினைந்தில் வாங்கினால் பதினேழைவிடக் கணிசமாக மலிவு. அந்த மிச்சத்தில் ஒரு படி உயர்ந்த ரப்பரை வாங்கலாம். பதினேழு அங்குல வீலில் பெயர் தெரியாத மலிவு டயரைப் போடுவதைவிடப் பதினைந்தில் முதல்தரமானதைப் போடுவது எல்லா வகையிலும் மேல்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காய்ந்த சாலையில், வளைவில், குறுகிய உயரமான டயர் சற்றுத் தளர்வாக உணரப்படும். கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் அகலக் குறைவால் பெரிய நன்மை ஏதும் இல்லை. அங்கே பேசுவது ரப்பரின் தரம் மட்டுமே. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு சிறிய குடும்பக் காரிடம் யாரும் வளைவில் வேகத்தை எதிர்பார்ப்பதில்லை என்பதால், இந்த இழப்பு தாங்கக்கூடியதே.

எல்லா வகைக்கும் மிகச் சின்ன வீல் பொருந்தாது. உயர்ந்த வகைகளில் பிரேக் தட்டு பெரிதாக இருக்கும், அதைப் பிடிக்கும் காலிப்பர் சின்ன வீலின் உள்பக்கத்தில் உரசும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அந்தக் காரின் அசல் அளவைத் தரும். காரோடு வரும் கையேடு மற்ற வகைகளின் அளவுகளையும் பெரும்பாலும் தரும். அந்தப் பட்டியலில் உள்ளது என்றாலும், உங்கள் பிரேக்கின் மேல் அந்த வீல் தாராளமாகச் சுழல்கிறதா என்பதைக் கடையில் ஒரு வீலை மாட்டிச் சுற்றிப் பார்த்துத்தான் நான்கையும் வாங்க வேண்டும்.

அளவுக்குப் பின்னால் வரும் 91டி போன்ற எழுத்தும் எண்ணும் வெறும் அலங்காரம் அல்ல. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88 என்றால் 560. ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. எழுத்து வேக வரம்பு: கியூ 160, டி 190, எச் 210 கிலோமீட்டர். வின்டர் டயரில் எழுத்து ஒரு படி இறங்குவது வழக்கம்தான், அதில் பயமில்லை.

பழைய வீல் வாங்கும்போது

தனி வீல் செட் வாங்குவதே லாபம். ஒரே வீலில் ஆண்டுக்கு இருமுறை டயரைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் கூலி, ஒவ்வொரு முறையும் டயரின் விளிம்பில் தேய்மானம். குளிர்காலத்துக்கு ஸ்டீல் ரிம் போதும். அழகு குறைவு, எடை சற்றுக் கூடுதல், துருவும் பிடிக்கும். ஆனால் அடி பட்டால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் வீல் வெடித்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சாலை உப்பு அலாயின் பூச்சைத் தின்று, டயர் பதியும் விளிம்பில் புண்ணாக்கி, மெதுவாகக் காற்று இறங்கச் செய்வதும் உண்டு.

தெரிந்தவர் கார் மாற்றியதால் கராஜில் கிடக்கும் வின்டர் செட் ஒன்று கைக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். பதினைந்து அங்குலம் என்பதால் மட்டும் பொருந்திவிடாது. நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். ஃபிட்டிலும் யாரிஸிலும் நான்கு துளை, 100 மில்லிமீட்டர். மேலே சொன்ன கொரோலாவில் ஐந்து துளை, அதே 100. 2016 சிவிக்கில் ஐந்து துளை, 114.3. சிவிக்கிலேயே 2005 வரை பெரும்பாலானவை நான்கு துளை, 2006 முதல் ஐந்து.

துளை சரியாக இருந்தாலும் நடு ஓட்டையைப் பார்க்க வேண்டும். கொரோலாவின் அச்சுக்கு 54.1 மில்லிமீட்டர், ஃபிட்டுக்கு 56.1, 2016 சிவிக்குக்கு 64.1. பல கார்களுக்குப் பொதுவாகச் செய்யப்படும் வீலில் ஓட்டை பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பச் சரியான அளவு வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

மிகவும் ஆபத்தானது நட்டு. ஹோண்டாவின் அசல் வீல்களுக்கு உருண்டை முகம் கொண்ட நட்டு. வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலானவை கூம்பு முகத்தை எதிர்பார்ப்பவை. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் இறுகியதுபோலத் தோன்றும், ஓட ஓடத் தளரும். வீல் கழன்று ஓடும் விபத்துக்கு இதுவும் ஒரு காரணம். பழைய செட் வாங்கும்போது நட்டுகளையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, வீலின் குழியும் நட்டின் முகமும் பொருந்துகின்றனவா என்று மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

ஃபிட்டிலிருந்து கழற்றிய 185/60ஆர்15 டயர்களை மட்டும் மலிவாக வாங்கிக் கொரோலாவின் பதினைந்து அங்குல ரிம்மில் ஏற்றினால் என்ன? உயரம் 603 மில்லிமீட்டர், கொரோலாவுக்கு வேண்டியதைவிட 5 விழுக்காடு குறைவு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 95இல்தான் போகும், தாங்கும் எடையும் குறைவு. ரிம்மில் ஏறுகிறது என்பது வாங்கக் காரணமாகாது.

பழைய டயரின் வயதைப் பக்கச் சுவரிலேயே படிக்கலாம். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 3621 என்றால், 2021ஆம் ஆண்டின் 36ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரை ஸ்னோவில் நம்பக் கூடாது. சட்டத்தின் குறைந்தபட்சம் அதைவிடக் குறைவு என்று விற்பவர் சொன்னால், அந்தச் சட்டம் ஸ்னோவுக்காக எழுதப்பட்டதல்ல.

செலவைக் குறைக்க முன்சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இந்தச் சிறிய கார்களில் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு போதும் என்று தோன்றும். பிரேக் போடும்போது முன்பக்கம் பிடித்து நிற்க, பிடிப்பில்லாத பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். கார் குறுக்கே திரும்பிவிட்டால் திறமையான ஓட்டுநராலும் மீட்பது கடினம். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். நான்குக்குக் காசு போதாவிட்டால் நிறுவனத்தில் ஒரு படி இறங்குங்கள், எண்ணிக்கையில் இறங்காதீர்கள்.

மாட்டிய பிறகு காற்று. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறைகிறது. 20 டிகிரி சூட்டில் உள்ள கராஜுக்குள் 33 வைத்து அடித்த டயர், மைனஸ் 15 காலையில் 27 அளவில் நிற்கும். மாதம் ஒருமுறை, கார் இரவெல்லாம் வெளியே நின்ற பிறகு, ஓட்டும் முன் அளந்து கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். வீலுக்குள் சென்சார் வைத்த காராக இருந்தால், புதிய வின்டர் வீல்களுக்கும் சென்சார் போடாவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருக்கும். ஏபிஎஸ் வழியாகக் கணக்கிடும் கார்களில் அந்தச் செலவு இல்லை, அமைப்பை மீண்டும் பதிவுசெய்தால் போதும்.

ஸ்னோ விழும்வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே கடையில் நாள் கேட்டுவிடுங்கள். அளவும் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் நட்டை நிதானமாக இறுக்க நேரம் இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு முடித்துக்கொள்ளாமல், டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஃபிட்டுக்கும் சிவிக்குக்கும் 108. சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை அதே அளவில் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான கடைகள் இதற்குக் காசு வாங்குவதில்லை.